நிலைப்படி ஆணி

திருப்பரங்குன்றம் தாண்டித் திருமங்கலம் போகிற ரோட்டில் மொட்டப்பாறை விலக்கு என்று ஒரு நிறுத்தம் உண்டு. கண்டக்டருக்கு மனசு இருந்தால் பஸ் நிற்கும். இல்லையென்றால் அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் திரும்பி நடக்க வேண்டியதுதான். விலக்கில் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, அதற்கடுத்து சுருளியின் மைக் செட். சுற்றுவட்டாரத்தில் காதுகுத்தோ கல்யாணமோ, வேப்பமரத்து உச்சியில் கட்டியிருக்கிற குழாய் ஸ்பீக்கரைப் பார்த்தால் அதன் வாயில் சிவப்பு பெயிண்டில் சுருளி என்று எழுதியிருக்கும். நல்லதுக்கும் அவர்தான், கெட்டதுக்கும் அவர்தான். சாவு வீடென்றால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடும் கடையும் ஒன்றுதான். மண்சுவர், ஓட்டுக்கூரை. முன்பக்கம் ஆம்ப்ளிபயர், வயர்ச் சுருள், ஆள் உயரத்துக்குப் பாக்ஸ் ஸ்பீக்கர், கெட்டுப்போன ஸ்பீக்கரிலிருந்து கழற்றிப் போட்ட காந்தங்கள். பின்பக்கம் அடுப்பு, நெல் மூட்டை, சாமி படம். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். அவர் மனைவி அன்னக்கொடி அடுப்பில் வெங்காயம் வதக்கினால் கடையில் உட்கார்ந்திருக்கிற சுருளிக்குக் கண் எரியும். அவர் ஈயம் பற்றவைத்தால் அவளுடைய குழம்பில் அந்த வாடை ஏறும். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் சண்டை போட இந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில் அந்த வீட்டில் ஒரு சாவு விழுந்தது. அவர்களுடைய ஒரே மகள் ஜெயக்கொடி.

அது நடந்த விதத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வாசலைத் தாண்டும்போது யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். சந்தைக்குக் கிளம்புகிறவனும் 'வாரேன்' என்பான். பொண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு இனி இந்த வீட்டில் கால் வைப்பதில்லை என்று கிளம்புகிறவன்கூடப் பழக்க தோஷத்தில் வாரேன் என்று சொல்லிவிட்டு அப்புறம் தலையில் அடித்துக்கொள்வான். வாசலில் நின்று போறேன் என்று சொன்னால் அது போவதுதான்.

ஜெயக்கொடிக்குக் குரல் நன்றாக இருக்கும். சுருளி ஒருநாள் டேப்ரிக்கார்டரை வைத்து அவளைப் பேசச் சொல்லி விளம்பரம் ஒன்று பதிந்தார். அதை அய்யனார் கோயில் கும்பிடு திருவிழாவுக்கு இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை போட்டார். ஊருக்கெல்லாம் அது பிடித்திருந்தது. அன்னக்கொடிக்குப் பிடிக்கவில்லை.

"வயசுப்புள்ள பேச்ச மரத்துல கட்டித் தொங்க விட்டா நாளைக்கு எவன்டி பொண்ணு கேட்டு வருவான்?"

"அப்பாதானேம்மா பேசச் சொன்னாரு."

"அவருக்கென்ன, ரெண்டு குழாய் சேத்து வாடகைக்குப் போகணும். உனக்கு எங்க போச்சு புத்தி? உங்க பெரியப்பன் வீட்ல வாயப் பொத்திச் சிரிக்கிறாளுக."

"சிரிச்சா சிரிக்கட்டும். நான் போறேன்."

"ஏய்! வாரேன்னு சொல்லிட்டுப் போடி."

அவள் திரும்பவில்லை. தையல் கிளாசுக்குத் திருமங்கலம் போக வேண்டும், கையில் சோற்றுத் தூக்கு. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பஸ் விலக்கில் நிற்காமல் தள்ளிப் போய் நின்றது. பிடிக்க ஓடியிருக்கிறாள், பின்னால் வந்த லாரியைப் பார்க்கவில்லை.

தூக்கு ஒரு பக்கம் நசுங்கித் திரும்பி வந்தது. பித்தளை என்பதால் உடையவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சுருளியின் அண்ணன் பேயாண்டி வாசலில் நின்று ஆரம்பித்தார். பேயாண்டி என்று பேர் வைத்துக்கொண்டு பேய்க்குப் பயப்படுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"அல்பாயுசுல போன புள்ளடா. போறேன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்கு. வந்து வாசல்ல நின்னா நம்மால தாங்க முடியுமா? நிலைப்படியில ஒரு இரும்பு ஆணி இறக்கிரு. தாண்டாது."

அன்னக்கொடி அவர் காலைப் பிடித்தாள். "மாமா, எம்புள்ள யாரையும் ஒண்ணும் செய்யாது மாமா. வந்தா வரட்டும் மாமா." யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. சுருளியே சுத்தியல் எடுத்து, ஒரு சாண் ஆணியை நிலைப்படிக் கட்டையின் நடுவில் அடித்து இறக்கினார். கொண்டை மட்டும் கொஞ்சம் வெளியே நின்றது. அன்றைக்கு அவள் அழுத அழுகைக்குச் சமாதானமாகச் சொன்னார்: "இரும்பு என்னடி செய்யும், வெறும் ஆணி. அண்ணன் மனசுக்காக அடிச்சேன்."

அது பொய். அண்ணன் மனசுக்காக அவர் எதையும் செய்கிற ஆள் இல்லை. தூறல் விழுந்தாலே சுருளிக்கு வாசலில் ஈரத் தலையோடு மகள் நிற்பதாகத் தோன்றும். நின்று, ஏப்பா என்னைப் பேசச் சொன்ன, என்று கேட்பாள். அதற்காகத்தான் ஆணியை அவ்வளவு ஆழமாக இறக்கினார்.

தை மாசத்தில் வெற்றுக் கேசட் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கேசட் அவர் கையில் சிக்கியது. மேலே ஒன்றும் எழுதவில்லை. போட்டார்.

"வணக்கம். இந்த ஒலிபெருக்கி அமைப்பு, மொட்டப்பாறை விலக்கு சுருளி சவுண்ட் சர்வீஸ். தங்கள் இல்ல விசேஷங்களுக்கு நாடுங்கள்... அப்பா, நாடுங்கள்னு சொல்லவா, அணுகவும்னு சொல்லவா?"

சிரிப்பு. அப்புறம் தூரத்தில், பின்பக்கத்து அடுப்படியிலிருந்து, அன்னக்கொடியின் குரல்: "ஏய் ஜெயா, சோறு ஆறுதுடி."

"இந்தா வாரேம்மா."

டக்கென்று பட்டனை அமுக்குகிற சத்தம். அவ்வளவுதான் பதிவு. விளம்பரத்துக்கு முன்னால் அவள் பேசிப் பார்த்தது; கோயிலில் போட்ட கேசட்டின் மேல் எப்போதோ வேறு பாட்டு ஏறிவிட்டது.

அடுப்படியில் அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அன்னக்கொடி எழுந்து வரவில்லை. அந்த இடத்திலேயே, கையில் பாதி அரிந்த கத்திரிக்காயோடு, "வாடி, வா" என்றாள். சுருளி கேசட்டைத் திருப்பி மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் அந்தக் கேசட் ஓடும். மகளுக்குப் பிடித்த கத்திரிக்காய்க் காரக்குழம்பும் சுட்ட கருவாடும் ஒரு தட்டில் தனியாக இருக்கும். பாட்டுக் கேட்கவும் டீக்குடிக்கவும் வந்து உட்கார்ந்த ஆட்கள் அந்த நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள். டீக்கடைக்காரர் மட்டும் எங்கே போவார், கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வாரேம்மா என்று சொல்லி அந்த டக் சத்தம் வருகிற வரைக்கும் டீ ஆற்றுகிற கை தானாக நின்றுவிடும் என்பார்.

அந்த ஒரு சொல்தான் அன்னக்கொடிக்கு வேண்டியிருந்தது. அன்றைக்கு வாசலில் சொல்லாமல் விட்டுப் போனதை மகள் இப்போது தினம் சொல்கிறாள். போறேன் என்றது ஒரு தடவை, வாரேன் என்பது எத்தனை தடவை. கணக்கு அவள் பக்கம் நேராகிக்கொண்டு வந்தது.

மாசியில் ஒருநாள் குரல் விட்டு விட்டுக் கேட்டது. வணக்கம் என்பது அருகில் கேட்கும், ஒலிபெருக்கி என்கிறபோது தூரமாகப் போகும், சுருளி என்கிறபோது பக்கத்தில் வரும். மறுநாள் தூரம் இன்னும் கூடியிருந்தது. சிரிப்பு ஒரு பக்கம் கேட்டு ஒரு பக்கம் அமுங்கியது. ஒரே சீராகப் போவதும் வருவதுமாக இருந்தது.

"வீட்டச் சுத்துறாய்யா" என்றாள் அன்னக்கொடி.

"என்ன உளர்ற?"

"நல்லாக் கேளு. முன்வாசலுக்கு வர்றப்ப சத்தமாக் கேக்குது. கொல்லப்பக்கம் போறப்ப கொறையுது. திரும்ப வாசலுக்கு வர்றா. உள்ள வர முடியல. ஆணியில தட்டித் திரும்புறா."

சுருளி எழுந்து வெளியே போனார். வெளியே போய் என்ன பார்த்தார் என்று கேட்டால் சொல்ல மாட்டார். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, டேப்ரிக்கார்டரின் மூடியைத் திறந்து ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். துடைத்த பிறகும் குரல் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மறுநாள் காலை மதுரைக்குப் பஸ் ஏறினார். கோரிப்பாளையம் தர்காவை ஒட்டிய சந்தில் சிஹாபுதீன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஸ்பீக்கருக்குக் கம்பிக் காயில் கட்டுவது, டேப்ரிக்கார்டர் பார்ப்பது எல்லாம் அவர்தான். சுருளியைவிட ஏழெட்டு வயசு சின்னவர். கேசட்டைக் கொண்டுபோக அன்னக்கொடி விடவில்லை. அதனால் என்ன கோளாறு என்பதைச் சுருளி வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"வணக்... ம்னு வருது பாய். இந்த ஒலி... பெருக்... அப்பிடியே அமுங்குது. அப்புறம் சுருளி சவுண்டு..." மகள் பேசின மாதிரியே பேசிக் காட்டிக்கொண்டு வந்தவர், "நாடுங்கள்னு சொல்லவா, அணுகவும்னு..." என்கிற இடத்தில் உடைந்துவிட்டார். கடைக்கு வந்திருந்த ஒருத்தர் தன் ரேடியோவை எடுத்துக்கொண்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார்.

சிஹாபுதீன் டீ வாங்கி வந்து கொடுத்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கிறேன். கேசட்ட எங்க வச்சிருந்தீங்க?"

"எங்க வைப்பேன், கைக்கு எட்டுற எடத்துலதான். பெரிய பாக்ஸு இருக்குல்ல, அது முதுகுல ஒரு சட்டம் ஓடும். அதுல சாத்தி வச்சிருந்தேன்."

"முதுகுலயா?"

"ஆமா." சொல்லி முடிக்கும் முன்பே சுருளிக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தார்.

"யா அல்லாஹ். காந்தம்ணே. சுத்தி வச்ச நாடாவுல ஒரு பக்கம் மட்டும் அடிவாங்கியிருக்கு. ரீலு ஒவ்வொரு சுத்துக்கும் அந்தப் பக்கம் வர்றப்ப சத்தம் கொறையுது, இந்தப் பக்கம் வர்றப்ப கூடுது. அதான் போய்ப் போய் வருது."

வாழ்நாளெல்லாம் காந்தத்தோடு புழங்குகிற ஆள். ஸ்பீக்கர் பக்கத்தில் கேசட்டை வைக்காதே என்று அடுத்தவனுக்குப் படித்துப் படித்துச் சொன்ன ஆள். தன் மகளின் குரலைக் கொண்டுபோய்த் தானே காந்தத்தின் முதுகில் சாத்தியிருக்கிறார். சுருளி தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாவது தடவை அடிக்குமுன் சிஹாபுதீன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிச்சம் இருக்கிறதக் காப்பாத்திரலாம்ணே. ரெண்டு செட்டு வச்சு வேற கேசட்டுல ஏத்திருவோம். அக்கா கேசட்ட அனுப்ப மாட்டாங்கன்னா நானே செட்டத் தூக்கிட்டு வர்றேன். பங்குனிப் பொங்கல் வேல முடியட்டும், நீங்க சொல்ற அன்னைக்கு வர்றேன். அது வரைக்கும் இரும்புக்குள்ள வைங்க."

"இரும்புக்குள்ளயா?"

சிஹாபுதீன் ஒரு அட்டையின் அடியில் காந்தத்தை வைத்து, பக்கத்து லேத்துப் பட்டறையிலிருந்து அள்ளி வந்த இரும்புத் தூளை மேலே தூவினார். தூள் வரிவரியாக வளைந்து படிந்தது. அட்டையின் நடுவில் கனமான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்திவிட்டு, மறுபடி தூவி அட்டையைத் தட்டினார். வரிகளெல்லாம் குழாயின் விளிம்பில் போய் மோதி, அதிலேயே ஒட்டி நின்றன. குழாயின் வட்டத்துக்குள் விழுந்த தூள் மட்டும் விழுந்த மாதிரியே கிடந்தது.

"உள்ள பாருங்க, அசையல. இரும்பு காந்தத்த மறிக்கிறதில்ல அண்ணே. அது பாட்டுக்கு வாங்கி, தன் மேலயே சுத்தி, அந்தப் பக்கம் விட்டுருது. உள்ள இருக்கிறதுக்கு வெளிய காந்தம் இருக்கிறதே தெரியாது."

சுருளி அந்த வரிகளையே பார்த்தார். ஜெயக்கொடி தலைக்குக் குளித்துவிட்டு ஈரமுடியை விரித்துப் போட்டால் இப்படித்தான் இருக்கும்.

பழைய இரும்பு மெயின் சுவிட்ச் பெட்டி ஒன்றை சிஹாபுதீன் உள்ளிருப்பதையெல்லாம் கழற்றிவிட்டுக் கொடுத்தார். நல்ல கனம். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அன்னக்கொடியிடம் எப்படிச் சொல்வது என்று சுருளி யோசித்துக்கொண்டே வந்தார். சொன்னால் கேட்க மாட்டாள், காட்டினால் கேட்பாள் என்று முடிவு செய்தார். அந்த முடிவுதான் வினையாகப் போனது.

வெயில் தாழ்ந்திருந்தது. அன்னக்கொடி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுருளி ஒரு குண்டூசியில் நூல் கட்டி, மறுமுனையை அம்மிக்குழவியின் அடியில் நெருக்கி வைத்தார். ஒரு பெரிய காந்தத்தை இடது கையில் தூக்கிப் பிடித்தார். குண்டூசி எழுந்து நின்றது. காந்தத்தைத் தொடவில்லை. நூல் விறைத்துப்போய், விட்டால் பறந்துவிடுகிற மாதிரி அந்தரத்தில் துடித்தது.

"இதென்னய்யா, ஊசி தானா நிக்குது?"

"இந்தா பாரு. நடுவுல அட்டய விடுறேன். விழுகுதா?"

"இல்ல."

"அந்தப் பித்தளத் தாம்பாளத்தக் குடு. இப்ப?"

"நிக்குது."

கதவுக்கு மேலே கட்டியிருந்த செப்புத் தகட்டை அவிழ்த்து வந்தார்.

"அது மந்திரிச்ச தகடுய்யா."

"மந்திரிச்சதுதான். இதையும் விடுறேன் பாரு. நிக்குதா?"

"நிக்குது."

"கண்ணாடி, பலக, பித்தள, செம்பு, எதுக்கும் காந்தம் கட்டுப்படாது. அது பாட்டுக்கு உள்ள பூந்து போகும். இப்ப தோசைக்கல்ல எடு."

எடுத்துக் கொடுத்தாள். இரும்புத் தோசைக்கல்லை அவர் நடுவில் நுழைத்ததும் குண்டூசி செத்த மாதிரி தரையில் விழுந்தது.

அன்னக்கொடி கீரையை விட்டுவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னொருக்கா காட்டு."

காட்டினார். எழுந்தது, விழுந்தது.

"இன்னொருக்கா."

சுருளிக்குச் சந்தோஷம். இவ்வளவு எளிதாகப் புரிந்துகொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. காந்தம் பட்டதால்தான் குரல் சுற்றுகிறது, வேறொன்றுமில்லை, கேசட்டை இந்த இரும்புப் பெட்டியில் வைத்தால் பாய் வருகிற வரைக்கும் பத்திரமாக இருக்கும் என்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் குண்டூசியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அந்த ஆணி?"

"எந்த ஆணி?"

"நீ நிலைப்படியில அடிச்ச ஆணி."

"அது வேற, இது வேற புள்ள."

"எதுய்யா வேற? ரெண்டும் இரும்புதானே? அன்னைக்கு என்ன சொன்ன? இரும்பு ஒண்ணும் செய்யாது, வெறும் ஆணின்னு சொன்ன. இன்னைக்கு எல்லாத்தையும் விட்டுட்டு இரும்பு ஒண்ணுதான் மறிக்கும்ங்கிற. எதுய்யா நெசம்?"

"மறிக்கலடி. பாய் சொல்றாரு, மறிக்காதாம். உள்ள விடாம வெளியவே சுத்திப் போக வச்சிருமாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அதத்தானேய்யா நான் நேத்துல இருந்து சொல்றேன்" என்றாள் அவள். "வெளியவே சுத்துறா."

அப்போதே எழுந்து ஆணியைப் பிடுங்கியிருக்கலாம். அன்னக்கொடி அதைத்தான் எதிர்பார்த்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்தார், மேகம் கறுத்திருந்தது, கோடை மழைக்கு இரண்டு துளி விழுந்து மண்வாசம் எழும்பியது. பார்வையை எடுத்துக்கொண்டார். கேசட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடியைத் திருகி, நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்தார்.

"புள்ளயக் கொண்டுபோய் இரும்புக்குள்ள அடைச்சிட்டியேய்யா."

"குரலு அழிஞ்சு போயிரும் அன்னம். கொஞ்ச நாளைக்கு. உன் கால்ல விழுறேன், அதத் தொடாத."

அவள் தலையாட்டினாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, உசிலம்பட்டிப் பக்கம் பங்குனிப் பொங்கலுக்குச் செட்டை ஏற்றிக்கொண்டு போனார்.

அங்கே குழாய் கட்டி, முளைப்பாரி, கரகம், வள்ளி திருமணம் என்று பொழுது போனதே தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டும் முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பிக்கிற இடைவெளியில் குழாய் வெறுமனே இரைகிற அந்தக் கொஞ்ச நேரம் சுருளிக்கு ஆகவில்லை. அந்த இரைச்சலில் யாரோ பேச வாயெடுக்கிற மாதிரி இருக்கும். அவசர அவசரமாக அடுத்த பாட்டைப் போட்டுவிடுவார். இந்தச் செட்டுக்காரன் மூச்சு விடக்கூட விடமாட்டேங்கிறான்ப்பா என்று ஊர்க்காரர்கள் சிரித்தார்கள்.

பொங்கல் முடிந்து வண்டி ஆட்களிடம் சாமான்களை ஒப்படைத்துவிட்டு நேராகக் கோரிப்பாளையம் போனார். சிஹாபுதீன் சொன்ன சொல் தவறாமல், டேப்ரிக்கார்டரை ஒரு துண்டில் சுற்றிக் குழந்தையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மத்தியானம் இருவரும் விலக்கில் இறங்கினார்கள்.

வாசலில் கோலம் போட்டிருந்தது. ஐப்பசிக்குப் பிறகு அந்த வாசலில் விழுந்த முதல் கோலம்.

அன்னக்கொடி தலைசீவிப் பொட்டு வைத்திருந்தாள். "வாங்க தம்பி, கால் கழுவுங்க. சாப்பிட்டுத்தான் போகணும்" என்றாள். உள்ளே கத்திரிக்காய்க் குழம்பு வாசம்.

சுருளி நெல் மூட்டைக்குப் பின்னால் போய்ப் பெட்டியைத் தூக்கினார். மூடி திருகியிருக்கவில்லை, உள்ளே ஒன்றுமில்லை.

"எங்கடி?"

அவள் சாமி படத்துக்குக் கீழே கையைக் காட்டினாள். நசுங்கிய பித்தளைத் தூக்கு அங்கே இருந்தது. அதற்கு விபூதி பூசி, மல்லிகைப்பூ ஒரு கண்ணி சுற்றியிருந்தாள். தூக்கின் அடியில், பீடம் மாதிரி, அன்றைக்கு அவர் கையில் பிடித்துக் காட்டிய அதே பெரிய காந்தம்.

சிஹாபுதீன் அதைப் பார்த்துவிட்டுத் தோளில் இருந்த செட்டை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"ஊசியவே இம்புட்டு இழுக்குது" என்றாள் அன்னக்கொடி. குரலில் ஒரு நிம்மதி. "பித்தளையில வழி இருக்குன்னு நீதானேய்யா காட்டுன. அவ தூக்குதானே. இதுக்குள்ள அவளை வச்சு, காந்தத்த அடியில வச்சேன். தெனம் போட்டுக் கேட்டேன். மொத நாளு கொல்லப்பக்கம் போறது நின்னுச்சு. அப்புறம் மெல்ல மெல்ல அடங்கி... இப்ப சுத்துற சத்தமே இல்ல. நீங்களே கேளுங்க தம்பி."

அவளே கேசட்டை எடுத்துப் போட்டாள்.

வணக்கம் வரவில்லை. சுருளி சவுண்ட் சர்வீஸ் வரவில்லை. சிரிப்பு வரவில்லை. ஓட்டின்மேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் ஓடியது. வாரேம்மா வர வேண்டிய இடம் சுருளிக்கு நெஞ்சுக்குள் மனப்பாடம். அந்த இடம் வந்தது, போனது. அப்புறமும் தூறல்.

சிஹாபுதீன் வாயைத் திறந்தார். "அக்கா, இது வந்து..." சுருளி அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தார். பாய்க்குப் புரிந்தது. நிறுத்திக்கொண்டார்.

"கேக்குதா தம்பி? வெளிய யாரும் இல்ல. வந்துட்டா."

சிஹாபுதீன் இரைந்துகொண்டிருந்த டேப்பை நிறுத்தினார். பொய் சொல்ல அவருக்கு மனமில்லை, உண்மையைச் சொல்லவும் மனமில்லை. "வெளிய யாரும் இல்லக்கா" என்று மட்டும் சொன்னார். அது உண்மைதான்.

மூவரும் சாப்பிட்டார்கள். நாலாவதாக ஒரு தட்டும் இருந்தது. சுருளி குழம்பை ஊற்றிப் பிசைந்தார், சாப்பிட்டார், உறைப்பில் கண் கலங்குகிறவர் போலத் துடைத்துக்கொண்டார். இந்த உலகத்தில் மகளின் குரல் இருந்த ஒரே இடமும் போய்விட்டது. அது போய்விட்டது என்பது தெரிந்த ஆள், பாயை விட்டால், அவர் ஒருத்தர்தான். அதை அவளிடம் சொன்னால் அவள் இரண்டாம் தடவை மகளைக் கொன்றவள் ஆவாள். சொல்லாவிட்டால் அவர் மட்டும் சுமக்க வேண்டும். சுமப்பது என்று தீர்மானித்துக்கொண்டார்.

அன்னக்கொடி மோர் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"ஒரு கொற மட்டும் இருக்குய்யா. உள்ள இழுத்துட்டேன், சரி. அந்த ஆணி கெடக்கே, இனி எப்பிடி வெளிய தெருவ போயிட்டு வருவா? அடைச்சு வைக்கவா பெத்தேன்?"

சுருளி கையைக் கழுவினார். சாமான்களுக்கு நடுவில் தேடிக் குறடும் சுத்தியலும் எடுத்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்தார். மழை ஈரம் குடித்து மரம் ஆணியை இறுக்கிப் பிடித்திருந்தது. கொண்டையைக் கவ்வி இழுத்தார், வரவில்லை. சிஹாபுதீன் உதவிக்கு வந்தார். "வேணாம் பாய், நாந்தானே அடிச்சேன்" என்றார். கொஞ்சம் கொஞ்சமாக அசைத்து அசைத்து, துருவும் மரத்தூளுமாக, கிறீச்சென்று அது வெளியே வந்தது. ஒரு விரல் நுழைகிற அளவுக்குக் குழி. ஆணியை என்ன செய்வது என்று தெரியாமல் கொண்டுபோய்க் காந்தத்தின் பக்கத்தில் வைத்தார். அது டக்கென்று தாவி ஒட்டிக்கொண்டது. கேசட்டின் கடைசியில் வருகிற அதே டக்.

சுருளி நின்ற இடத்திலேயே நின்றார். அன்னக்கொடியும் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"நான் வர்றேங்க்கா" என்று சிஹாபுதீன் செட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவரைப் பஸ் ஏற்றிவிடச் சுருளியும் செருப்பை மாட்டினார்.

"பாய ஏத்தி விட்டுட்டு வாரேன்."

"எங்கிட்டச் சொன்னா போதுமாய்யா?" உள்ளேயிருந்து அன்னக்கொடி கேட்டாள். "புள்ளகிட்டச் சொல்லலையா?"

ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. நடுவில் அந்தக் குழி. வானம் மூட்டமாக இருந்தது, தூறல் ஆரம்பித்திருந்தது. சுருளி உள்பக்கம் திரும்பினார். இத்தனை மாதம் எந்தக் கேள்விக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாரோ, அதைக் கேட்கட்டும் என்று நின்றார்.

"வாரேன்த்தா" என்றார்.

அன்றைக்கென்று கண்டக்டருக்கு மனசு வந்து பஸ் விலக்கிலேயே நின்றது. சிஹாபுதீன் படியில் ஏறி நின்று கையை ஆட்டினார். சுருளி இன்னும் வாசலைத் தாண்டவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு, உள்ளேயிருந்து பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.